சாக்குக்குள் இருந்த தலை

...வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ இந்தக் காலத்து ஜனங்களுக்கு, நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்க நாக்கு வளையாது, தலையை மட்டும் ஆட்டுவார்கள், படி ஏறினால் ஆட்டுகிறார்கள், இறங்கினால் ஆட்டுகிறார்கள், எதிர்வீட்டுக்காரி குப்பைப் பையோடு வந்தால்கூட நின்று இவர் முகத்தைப் பார்த்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் போகிறாள், இதோ பஸ்ஸில் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறான் ஒருத்தன், முன்னே பின்னே தெரியாதவன், அவனும் ஆட்டுகிறான், எதற்கு ஆமாம் சொல்கிறான், நான் என்ன கேட்டேன் அவனை... கிழவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மருமகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். சொல்லியும் ஆயிற்று, சிரித்தும் ஆயிற்று. "நீங்க ஆட்டுறதாலதான் மாமா அவங்களும் ஆட்டுறாங்க, நீங்க சும்மா இருந்தா அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. இந்தத் தெருவுலயே மரியாதை தெரிஞ்ச மனுஷன்னு உங்களுக்குத்தான் பேரு." நான் எங்கே ஆட்டுகிறேன், யாரைப் பார்த்து ஆட்டினேன், எனக்கு வேறு வேலை இல்லையா. டாக்டர் சொன்னானாம், கழுத்து நரம்பு தளர்ந்துவிட்டதாம், தலை தானாக ஆடுகிறதாம், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று மாத்திரை. வெள்ளைக் கோட்டு போட்டவனுக்கு எவனைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று தளர்ந்துதான் தெரியும், இல்லையென்றால் அவன் பிழைப்பு என்னாகிறது. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தொட்டியில் துப்பித் தண்ணீரைத் திறந்துவிடுவார். லாரி ஓட்டின கழுத்து இது, மேடும் பள்ளமும் பாலத்து உடைசலும் எல்லாம் பார்த்த கழுத்து, இது தளருமா. ஊரே ஆடுகிறது, வீடு ஆடுகிறது, அடியில் ஏதோ ரயில் போகிறது என்கிறார்கள், நடுவில் நிற்கிறவன் தலை ஆடுகிற மாதிரித் தெரிந்தால் அது என் குற்றமா...

பக்கத்தில் மருமகள் மடியில் வைத்திருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள். திருகி விடுவாள், மறுபடி திருகுவாள். காலையில் கஞ்சியை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள், "இன்னைக்கு வேலைக்குப் போகும்போது நீங்களும் என்கூட வாங்க மாமா, ஒருத்தரைப் பார்க்கணும். பார்த்துட்டு உங்களுக்குச் சரின்னு பட்டா லேசா ஒரு தலையசைப்பு, போதும். நீங்க எதுவும் பேச வேண்டாம்." அவளுமா. இருந்து இருந்து அவளும் தலையசைப்பு என்கிறாள். ஏன் பேச வேண்டாம், பேசினால் நான் ஏதாவது கடித்து வைத்துவிடுவேன் என்று பயம், பயப்பட வேண்டியதுதான், நான் பேசினால் அப்படித்தான். ஆனால் அவள் காலையில் சொன்னதால் அவருக்குத் தெரிந்தது என்று இல்லை, போன வாரமே தெரிந்துவிட்டது, சட்டையிலேயே தெரிந்துவிட்டது. இப்போது அவர் போட்டிருக்கிறாரே, ஊதாக் கட்டம் போட்ட இந்தச் சட்டை, இது மகனுடையது. சண்டையில் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவள் பைக்குள் திணித்துக்கொண்டு வந்த ஒன்றே ஒன்று, லாரியில் வந்தது, டீசல் தீர்ந்து லாரி நின்ற பிறகு நடந்து வந்தது, படகில் நனைந்தது, கூடாரத்துக் கயிற்றில் காய்ந்தது, இத்தனை வருஷமும் மாசத்துக்கு ஒரு தடவை துவைத்து மடித்துப் பெட்டியில் வைப்பாள். யாரும் போடாத சட்டைக்கு என்ன அழுக்கு என்று அவர் கேட்டதில்லை, கேட்கிற விஷயமா அது. போன வாரம் அதை எடுத்து நீட்டினாள். "நீங்க போட்டுக்குங்க மாமா, மடிச்ச இடமெல்லாம் இத்துப் போகுது." அவ்வளவுதான். வாங்கிப் பார்த்தார், கைக்கு நடுவில் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கத்தி வைத்துக் கீறின மாதிரி ஒரு மடிப்பு. அவள் இஸ்திரி போட்டால் காலர் சுருங்கும், கைமடிப்பு இரண்டாக ஓடும், அவள் கை அவருக்குத் தெரியாதா. இது வேறு கை. என் பிள்ளை சட்டையில் வேறு ஒருத்தன் கை பட்டிருக்கிறது, அதுவும் பதவிசாகப் பட்டிருக்கிறது, தெரிந்து தெரிந்து ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் நுனியை விட்டுத் தேய்த்திருக்கிறான், எவனோ. அதைப் போட்டுக்கொண்டு போய் அவனையே பார்க்க வேண்டும்... நன்றாக இருக்கிறது கதை.

இறங்கி நடந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி, அதன் முதுகுப் பக்கம், வண்டிகள் வந்து நிற்கிற இடம், அங்கே கண்ணாடிக் கதவு, உள்ளே போனால் லிஃப்ட். லிஃப்டில் அவர் ஏற மாட்டார், எவனோ எங்கேயோ உட்கார்ந்து பட்டனை அமுக்கிப் போகிற வண்டியில் டிரைவர் இல்லாமல் போகிறவனுக்குப் புத்தி இருக்கிறதா. படியில் கீழே போனார்கள், பூமிக்கு அடியில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். கதவைத் தள்ளியதும் ஆவி முகத்தில் அறைந்தது, சோப்பு நெடி, அதற்கும் அடியில் ஆஸ்பத்திரி நெடி. ஒரு பக்கம் பைபையாக வந்து விழுகிறது, ரத்தம், சீழ், வாந்தி, பிள்ளை பெற்றவளுடையது, செத்தவனுடையது, எல்லாம் ஒன்றாக, மறுபக்கம் வெள்ளை வெளேரென்று அடுக்கி வெளியே போகிறது. எந்த ரத்தம் எவனுடையது என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை, பார்த்தால் வேலை நடக்காது. மேற்பார்வைக்கார அம்மா ஒருத்தி தூரத்திலிருந்தே அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வாடிக்கையாகிவிட்டது, சுவரோரம் பெஞ்சைக் காட்டினாள். அவன் வந்தான். நாற்பது தாண்டியிருக்கும், நெற்றி ஏறி வழுக்கை தொடங்கிவிட்டது, கையில் சூடு பட்ட தழும்புகள், இஸ்திரிக்காரனுக்கு அது இல்லாமல் இருக்காது. "வாங்க ஐயா, வாங்க. படியிலயா வந்தீங்க, மூச்சு வாங்குதே, உட்காருங்க." தண்ணீர் கொண்டுவந்தான், பேப்பர்க் கப்பில் டீ கொண்டுவந்தான், பெஞ்சில் ஈரம் இருக்குமென்று ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டான். பணிவு கூடக் கூடக் கிழவருக்குச் சந்தேகமும் கூடும், குனிந்து குனிந்து வணக்கம் வைத்த ஆட்கள் நிறுத்திய இடத்தில்தான் அவர் வண்டியில் டீசல் காணாமல் போயிருக்கிறது. டீயை வாங்கிக் கீழே வைத்தார். சட்டையைப் பார்த்தான் அவன், கைமடிப்பு கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தான், தொழில்காரன், பார்க்கத்தான் செய்வான், பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். அதையும் கிழவர் பார்த்தார்.

எந்தப் பக்கம் என்று கேட்டார். "ஆத்துக்கு அந்தக் கரை ஐயா, அரைவை மில் இருந்துச்சே, அதுக்குப் பின்னால." மில் தெரியும், அங்கே எத்தனை தடவை மூட்டை ஏற்றியிருக்கிறார். அப்பா அம்மா? "இல்லைங்க." கல்யாணம்? "ஆகியிருந்துச்சு." அதோடு பேச்சு நின்றது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குள் ஒரு ஏற்பாடு, யாரும் கூடிப் பேசி வைத்தது இல்லை, தானாக வந்தது. எந்த ஊர் என்று கேட்கலாம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கலாம், படகில் வந்தீர்களா, யார் கூட்டிவந்தது, கூடாரத்தில் எத்தனை காலம் கிடந்தீர்கள், எல்லாம் கேட்கலாம். கடைசியில், சண்டையின் அந்தக் கடைசி நாட்களில் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் டீ ஆறிப்போகும், வந்தவன் எழுந்து குடையைத் தேடுவான், அப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டான். ஏனென்றால் கேட்டவனும் பதில் சொல்ல வேண்டி வரும். யாரை விட்டுவிட்டு ஓடினாய், யார் மேல் ஏறி வந்தாய், யார் தண்ணீரைக் குடித்தாய்... அதனால் எல்லாரும் மில்லோடு நிறுத்திக்கொள்வார்கள், மில் நல்ல மில், அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மருமகள் இதற்குள் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மெஷின் மடிக்காத பெரிய பெட்ஷீட்டுகள் ஒரு குவியல், அவள் ஒரு முனை, அவன் மறுமுனை, உதறினார்கள், வெள்ளை எழும்பி இறங்கியது, இரண்டு பேரும் ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்தார்கள், அவள் முனையை அவன் கையில் கொடுத்தாள், குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள், மறுபடி வந்தாள். வருவது, கொடுப்பது, போவது. கை பட்டுத்தான் ஆக வேண்டும், வேலை அப்படி. எத்தனை வருஷமாக இப்படி மடித்திருப்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் இவனை நோக்கி நடந்திருப்பாள், கிழவர் வீட்டில் திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவள் இருமுகிறாளா அழுகிறாளா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் இங்கே பூமிக்கடியில் அவள் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். நடக்கட்டும். அவள் என்ன கிழவியா. மகன் அவளோடு குடித்தனம் நடத்தினது ஒரு அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் நடுவில். அதற்கு அவள் காத்திருந்த காலம்... போதும், யாராக இருந்தாலும் போதும் என்றுதான் சொல்வார்கள், நானும் சொல்வேன், சொல்லத்தான் வந்தேன், தலையை ஆட்டிவிட்டுப் போகத்தான் வந்தேன், பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்... அப்போதுதான் அவன் காலைப் பார்த்தார்.

அவள் அடுத்ததை எடுக்கட்டும் என்று அவன் பெட்ஷீட்டை மார்போடு பிடித்துக்கொண்டு காத்திருந்த நேரம். ரப்பர் செருப்பிலிருந்து வலது காலை உருவினான், கட்டைவிரலால் இடது கணுக்காலின் உள்பக்கத்தை மெல்லத் தேய்த்தான், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. காலைச் செருப்புக்குள் விட்டான். பிறகு மறுபடி உருவினான். கிழவருக்கு அந்த வயல் வந்து நின்றது. அறுத்து முடித்த வயல், கால் வைத்தால் தாள் குத்தும். சண்டைக்குள் மாட்டிக்கிடந்த ஜனம் அத்தனையும் கையைத் தூக்கிக்கொண்டு அந்த வயலுக்கு வந்தது, பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பக்கமும். வரப்பில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் ஒருத்தன், தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் கோணிச்சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நம்ம ஆள்தான் என்று வரிசையில் முணுமுணுத்தார்கள், நம்மளையெல்லாம் தெரிஞ்சவன்தான், அதனாலதான் மூடி வைச்சிருக்காங்க. சாக்குத்தலையன் என்று அன்றைக்கே யாரோ பேர் வைத்துவிட்டார்கள், அந்த நிலைமையிலும் பேர் வைக்க ஒருத்தன் இருந்தான் பாருங்கள். ஒவ்வொருத்தராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு சும்மா இருந்தால் இந்தப் பக்கம், சாக்கு ஆடினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் மூடின வண்டி நின்றது. முதலில் இவர் போனார். சாக்கு ஆடவில்லை. அடுத்து மகன். ஆடியது. பெரிதாக ஒன்றும் இல்லை, கோணி லேசாக முன்னால் வந்து பின்னால் போனது, காற்றில் ஆடின மாதிரி, ஆனால் காற்று இல்லை, அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை. மகன் திரும்பிப் பார்த்தான், கையை லேசாகத் தூக்கினான், டயருக்குக் காற்று அடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போகும்போது காட்டுவானே, அதே கை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் இவர் குனிந்தார், குனிந்த கண்ணுக்கு நாற்காலியின் கால்கள் தெரிந்தன, நாற்காலியில் இருந்தவன் கால்கள் தெரிந்தன, வெறும் கால், சேறு அப்பின கால், வலது கால் கட்டைவிரல் இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே. கூடாரத்தில் ஒருத்தன் பேச்சுவாக்கில் சொன்னான், அந்த ஆளையும் அடிச்சுத்தானே உட்கார வைச்சாங்க, நாலைஞ்சு நாளா தூங்க விடலையாம், தூக்கத்துல தலை விழுந்தாக்கூட ஆட்டினதாத்தான் கணக்கு. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினார் கிழவர். தூக்கத்தில் தலை விழுவது எப்படி என்று லாரிக்காரனுக்கா பாடம் எடுக்கிறான், தூக்கத்தில் விழுகிற தலை மொத்தமாகப் போய் ஸ்டீயரிங்கில் இடித்துவிட்டுத்தான் எழும், இது அப்படி இல்லை, இது சின்ன ஆட்டு, தெரிந்து ஆட்டின ஆட்டு, அளந்து ஆட்டின ஆட்டு...

காலைத் தேய்க்காதவன் யார். கொசு கடித்தால் தேய்ப்பான், சொறி வந்தால் தேய்ப்பான், ரப்பர் செருப்பு ஈரத்தில் கடிக்கும். ஒரு கணுக்காலை வைத்துக்கொண்டு ஒருத்தன் குடியைக் கெடுக்க முடியுமா. முடியும், அவர்கள் ஒரு தலையை வைத்துக்கொண்டு என் குடியைக் கெடுக்கவில்லையா. இல்லை, பொறு, அவசரப்படாதே, கியரை இறக்கு. உனக்கு இவன் மேல் கோபமா, இவன் அவளைக் கட்டிக்கொண்டு போவது மேல் கோபமா, அதைச் சொல். உன்னை விட்டுவிடப் போவதில்லை என்று பஸ்ஸுக்கு நிற்கும்போதே சொல்லிவிட்டாள், "நீங்க எங்க கூடத்தான் மாமா, அவர்தான் முதல்ல சொன்னார், ஐயாவுக்குத் தனி ரூம் வேணும்னு." ஐயாவுக்குத் தனி ரூம். எதற்கு இவ்வளவு கரிசனம், யாருக்கு எந்தப் பாவத்தைக் கழுவ... பார், மறுபடி அங்கேதான் போகிறாய். நல்லது செய்தால் ஏன் செய்கிறான் என்கிறாய், செய்யாவிட்டால் பார்த்தாயா என்பாய், உன்னோடு எவன் பிழைப்பான். சரி, இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடு. இவள் இவனைக் கட்டிக்கொண்டாள் என்றால் மகன் இல்லை என்று ஆகிவிடும். இதுவரை ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை, அந்த மூடின வண்டி எங்கே போனது என்று இன்றுவரை ஒருத்தனும் சொல்லவில்லை, போட்டோவைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் சும்மா மாட்டி வைத்திருக்கிறோம், உயிரோடிருப்பவன் போட்டோ மாதிரி. நீ சரி என்றால் நீதான் சொன்னதாக ஆகும். பெற்றவனே சொல்லியாயிற்று, அவன் செத்தாயிற்று. அதற்குத்தான் காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயா. இருக்கலாம். இருக்கலாம் என்பதால் அந்தக் கால் இல்லாமல் போய்விடுமா...

மேற்பார்வைக்கார அம்மா மருமகளைக் கூப்பிட்டு அந்தக் கோடிக்கு அனுப்பினாள், வண்டி வந்திருக்கிறது, பைகளை எண்ணி எடுக்க ஆள் வேண்டும் என்று. இஸ்திரிக்காரன் கையில் பாதி உதறின பெட்ஷீட்டோடு நின்றான். பெஞ்சைப் பார்த்தான். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க, அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா. சும்மா உட்கார்ந்திருந்தா உங்களுக்கும் இடுப்பு பிடிச்சுக்கும்." கிழவர் எழுந்தார். முனையைப் பிடித்தார். துணி இன்னும் சூடாக இருந்தது, ஆளைத் தூக்கி எடுத்த படுக்கை மாதிரி. உதறினார்கள். அவன் வந்தான், முனையைக் கொடுத்தான், போனான். லாரித் தார்ப்பாய் மடித்த கை, அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது பெட்ஷீட்டை அவன் மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்து ஓரத்தைச் சரிபார்த்தான், வெள்ளைக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கிழவர் பார்த்தார். விடாமல் பார்த்தார். இதுவா. சாக்கு ஓட்டைக்குள் நான் பார்த்தது இதுதானா. அன்றைக்குக் கண்ணை நான் பார்த்தேனா, பார்த்தேன், ஒரு நொடி, உள்ளே ஈரமாக ஏதோ மின்னியது, அது கண்ணா வேர்வையா, வெள்ளைக்கு மேலே தெரிகிற எந்தக் கண்ணும் ஒரே கண்தான், ஆஸ்பத்திரியில் முகமூடி போட்ட நர்ஸ் கண்ணைக்கூட இப்படித்தான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் அவன் கண்ணாகத்தான் இருந்தது. "கடைசியில நீ எங்கப்பா இருந்த?" என்று கேட்டுவிட்டார். கேட்கக் கூடாததைக் கேட்டாயிற்று. துணி நடுவில் தொய்ந்தது. அவன் முனையை விடவில்லை. "எல்லாரும் இருந்த இடத்துலதாங்க." "வயல்லயா?" "வயல்லயும் இருந்தேன்." "எந்தப் பக்கம்?" மெஷின்கள் உருண்டுகொண்டிருந்தன, அந்தச் சத்தத்தில் அவன் பதில் வர நேரமானதா, அவன்தான் நேரம் எடுத்துக்கொண்டானா. "உயிரோட விட்ட பக்கந்தான் ஐயா. இல்லைன்னா இங்க நின்னு உங்ககூடப் பெட்ஷீட் மடிப்பேனா." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அதை உங்க மருமக என்கிட்ட கேட்டதில்ல, நானும் அவங்ககிட்ட கேட்டதில்ல. நீங்க கேட்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா கேட்டா நான் எல்லாத்தையும் சொல்லணும், அப்புறம் நீங்களும் சொல்லணும்." நடந்து வந்தான், முனையைக் கொடுத்தான், விரல்கள் பட்டன, சூட்டில் காய்த்துப்போன விரல்கள், கொடுத்துவிட்டு அதிகப்படியாக ஒரு நொடி அங்கேயே நின்றான், இப்போது கேள் என்கிற மாதிரி. எல்லாம் என்றால் எது. மனைவியை எங்கே விட்டான் என்பதா, யார் மேல் மிதித்து வந்தான் என்பதா, நாற்காலியா. கேட்டிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு கேள்விதான், சாக்கு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும், முகத்தைத்தான் பார்க்கிறோமே, மூடாத முகம். சொல்லவில்லை. மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மடிப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, முகத்தில் ஒரு தினுசான வெளிச்சம், அதை அடக்கப் பார்க்கிறாள், அடங்கவில்லை. இஸ்திரிக்காரன் நாசூக்காக மேஜைக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். "என்ன மாமா" என்றாள். குரல் கீழே போய்விட்டது. "சரிதானே மாமா?" கிழவர் சொல்ல வேண்டியதை எடுத்து அடுக்கினார். பொறு புள்ள, எனக்கு ஒண்ணு தெளிவாகணும். இல்லை, அப்படிச் சொன்னால் என்ன என்று கேட்பாள். எனக்கு இவனைப் பிடிக்கலை. ஏன் மாமா. கால். காலைத் தேய்க்கிறான். சொல்ல முடியுமா அதை, சொன்னால் அவள் அந்தக் காலை இனி என்றைக்குப் பார்த்தாலும் வயலைப் பார்ப்பாள், சரியாக இருந்தால் இத்தனை நாள் யார் கையில் முனையைக் கொடுத்தாள் என்று தன் கையையே வெட்டிக்கொள்வாள், தப்பாக இருந்தால் ஒரு அப்பாவியைக் காட்டிக் கொடுத்தவன் நான், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு... சரி, எதுவும் சொல்லாமல் யோசிக்கணும் என்று மட்டும் சொல், ரெண்டு நாள் கொடு என்று சொல், அது போதும், வாயைத் திற. வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முகம் உடைந்துவிட்டது, கண் நிரம்பிவிட்டது, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் மாமா. நீங்க சரின்னுதான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்." நான் எங்கே சொன்னேன். நான் வாயே திறக்கவில்லையே, திறந்தேன், ஒன்றும் வரவில்லையே, என்னத்தைப் பார்த்துச் சொல்கிறாள் இவள். "அவர்கிட்ட சொல்லிடவா?" என்றவள் பதிலுக்கு நிற்கவில்லை, முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான், மேஜைப் பக்கம் போய்விட்டாள், நடையே வேறு, கூடாரத்தில் நடந்த நடை இல்லை, வீட்டில் நடக்கிற நடையும் இல்லை. அவள் ஏதோ சொன்னாள். அவன் திரும்பினான். ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து கிழவரைப் பார்த்தான், பார்த்து, மெதுவாக, ஒரே ஒரு தடவை, தலையை ஆட்டினான். அவர் அந்தத் தலையாட்டலை உற்றுப் பார்த்தார், எத்தனை வருஷமாகக் கண்ணை மூடினால் வருகிற ஆட்டு, அதுவா இது, அதே அளவா, அதே சாய்வா... மறுபடி ஒரு தடவை ஆட்டினால் தெரிந்துவிடும். அவன் ஆட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இஸ்திரியை எடுத்தான்.

தானே போய்க்கொள்கிறேன், பஸ் தெரியும் என்று கையைக் காட்டிவிட்டுப் படியில் ஏறினார். டீ குடிக்காமல் பெஞ்சுக்கடியில் அப்படியே இருந்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பி இறங்கலாம், இன்னும் நேரம் இருக்கிறது, நான் சொல்லவே இல்லை, நீயா நினைச்சுக்கிட்டே என்று சொல்லலாம், யார் தடுத்தார்கள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏறினார். மேலே வந்ததும் அந்தக் கண்ணாடிக் கதவு, வெளியே வண்டி மறைத்து நின்றதால் கண்ணாடி இருட்டடித்து முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது, அதற்குள் ஒரு கிழவன் நின்றான், ஊதாக் கட்டம் போட்ட சட்டை, கையில் கத்தி மடிப்பு. அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. லேசாக முன்னால் வந்து பின்னால் போனது, சின்ன ஆட்டு, அளந்து ஆட்டின ஆட்டு, எதற்கோ ஆமாம் ஆமாம் என்று. நிறுத்து என்றார். நிற்கவில்லை. தாடையைக் கையால் பிடித்து அழுத்தினார், கையும் சேர்ந்து ஆடியது. இவர் ஒன்றும் சொல்லவில்லை, இவர் மனதில் ஒன்றும் இல்லை, ஆனால் எதிரே நின்று பார்க்கிறவளுக்கு... எதிரே துப்பாக்கியோடு நின்று பார்க்கிறவனுக்கு... அப்படியென்றால் அன்றைக்குச் சாக்குக்குள்ளே, அடித்து, தூங்க விடாமல், அந்த வெயிலில், கோணிக்குள் இருந்த கழுத்து... இவனோ, வேறு எவனோ, எவனாக இருந்தாலும் அந்தக் கழுத்து... சே. அதெல்லாம் இல்லை. அவன் ஆட்டினான், தெரிந்துதான் ஆட்டினான், எனக்கு அப்புறம் என் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆடும், நான் போய் நின்றபோது ஏன் ஆடவில்லை, சொல்லு பார்ப்போம். கண்ணாடியில் இருந்தவன் ஆமாம் என்றான். வெளியிலிருந்து வந்த வண்டிக்காரன் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்று, கிழவரைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினான். "கண்ணாடி கோணல்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, தாடையிலிருந்து கையை எடுக்காமலே, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.